பதில்: ஸ்பெக்ட்ரம் கேசட் பாதியில் நின்றுவிடுகிறது

வெளிவராத கேம் இருக்கிற இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் (1980-கள் வீட்டுக் கணினி) கேசட், பாதி லோடாகி 'டேப் லோடிங் எரர்'னு நிக்குதுன்னு கேட்டிருந்தீங்க. முதல்ல, திரும்பத் திரும்ப ஓட்டிப் பாக்குறதை நிறுத்துங்க நண்பரே, இருக்கிறது ஒரே பிரதி! நல்ல கேசட் டெக்கில் டால்பியை (இரைச்சலைக் குறைக்கிற வசதி) அணைச்சுட்டு, 44.1 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாப் பதிவு பண்ணுங்க. எம்பி3 வேண்டவே வேண்டாம், சுருக்கும்போது துடிப்போட வடிவம் கெட்டுடும். ஸ்பெக்ட்ரம் அளக்குறது துடிப்போட நீளத்தை. 1-ங்கிற பிட்டுக்கான துடிப்பு 0-க்கானதைவிட இரு மடங்கு நீளம்.

சத்தம் மங்கலா இருந்தா, டெக்கோட ஹெட் (டேப்பைப் படிக்கிற பாகம்) பக்கத்துல இருக்கிற குட்டி ஸ்க்ரூவைத் துளித்துளியாத் திருப்புங்க. கீச்சுன்னு கூர்மையாகுற இடத்துல நிறுத்துங்க. காந்தம் ஏறின ஸ்க்ரூடிரைவர் மட்டும் கிட்ட வரக்கூடாது (பட்டவன் சொல்றேன்).

பிறகு அந்த வேவை டீஇசட்எக்ஸா (எமுலேட்டர்ல ஓடுற டேப் கோப்பு) மாத்துங்க. வழக்கமான பிளாக்னா (டேப்ல இருக்கிற ஒரு தரவுத் துண்டு) கடைசி பைட் சரிபார்ப்புக்குத்தான். எந்த பிளாக் கெட்டதுன்னு அது காட்டிக்கொடுத்துடும். மாத்தினப்புறமும் வேவை அழிச்சுடாதீங்க.