“ஒரு கையெழுத்துதானே அக்கா!”

கேள்வி: திண்டுக்கல் மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். பிடித்தம் போக 62,000 ரூபாய் கைக்கு வருகிறது. கணவர் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். இருவருக்கும் டேர்ம் இன்ஷூரன்ஸ், குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு, எஃப்.டி.யில் 3 லட்சம் இருக்கின்றன. தம்பியின் 8 லட்சம் வங்கிக் கடனுக்கும், நாத்தனார் எடுத்த 5 லட்சம் சீட்டுக்கும், சக ஆசிரியையின் கூட்டுறவுச் சங்கக் கடனுக்கும் ஜாமீன் போட்டிருக்கிறேன். நூற்பாலைக்கு வேன் ஓட்டும் தம்பி இரண்டு தவணை கட்டவில்லை. வங்கியிலிருந்து எனக்கு போன் வருகிறது. நாத்தனார் கணவருக்கும் அதே மில்லில்தான் வேலை. பாதுகாப்புக்காக ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் 10 ஆண்டுகள் கட்டும் ‘உத்தரவாத வருமானத் திட்டம்’ எடுக்கச் சொல்கிறார் ஏஜென்ட். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். காப்பீட்டில் நீங்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டீர்கள். உங்கள் வீட்டுக்கு ஆபத்து வரும் வழி வேறு. யார் கேட்டாலும் போட்டுக்கொடுக்கும் கையெழுத்துதான் அது.

தம்பி கடனில் பாக்கி சுமார் 6 லட்சம் இருக்கும், தவணை 18,000 வரும். 25 மாதச் சீட்டில் இன்னும் 14 மாதம் பாக்கி என்று வைத்துக்கொண்டால், மாதாமாதம் தள்ளுபடியாகக் கிடைக்கும் கழிவைக் கணக்கில் எடுக்காமல், மாதம் 20,000 வீதம் 2.8 லட்சம். இந்த இரண்டும் ஒரே நேரத்தில் உங்கள் தலையில் விழுந்தால் மாதம் 38,000 போய்விடும். மீதி 24,000-இல் குடும்பம் நடக்க வேண்டும். ‘இரண்டு தவணையும் ஒரே நேரத்திலா நின்றுபோகும்?’ என்று நினைக்காதீர்கள். இருவருக்கும் சோறு போடுவது ஒரே மில். அங்கே ஒரு ஷிஃப்ட்டைக் குறைத்தால் வேனுக்கும் ஓட்டம் இருக்காது, நாத்தனார் கணவருக்கும் சம்பளம் குறையும். சக ஆசிரியையின் கடனைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலையில்லை. அவர் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள்.

ஜாமீன் என்பது சாட்சிக் கையெழுத்து அல்ல. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாதவரை, உங்களுக்கும் அவ்வளவு பொறுப்பு. முதலில் தம்பியைப் பிடித்துவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை. “விலகிக்கொள்கிறேன்” என்று இப்போது கடிதம் எழுதினாலும், கொடுத்து முடித்த கடனிலிருந்து விடுபட முடியாது.

இந்த வாரமே தம்பியையும் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போங்கள். நிலுவை 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன் ஆகிவிடும். கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் உங்கள் பெயரும் அடிபடும். பிறகு வீட்டுக் கடன் கேட்டுப் போனால் முதல் கேள்வியே இதுதான். தவணைக் காலத்தை நீட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். அதற்காக நீட்டும் தாளில் கடன் தொகை கூடியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்களே கட்ட நேர்ந்தால் தம்பி கையில் பணம் கொடுக்காமல் கடன் கணக்கில் நேரடியாகக் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொகையை அவரிடம் திருப்பிக் கேட்கும் உரிமை அதே சட்டத்தில் உங்களுக்கு உண்டு. தம்பி இறந்துவிட்டாலும் உங்கள் ஜாமீன் நிற்கும் என்பதால், அவர் பெயரில் 10 லட்சத்துக்கு டேர்ம் பாலிசி எடுக்க வையுங்கள். ஆண்டுக்குச் சில ஆயிரம்தான் ஆகும். பிரீமியத்தை நீங்களே கட்டினாலும் தவறில்லை.

நாத்தனாரிடம் இப்போதே, தவணை தவறுவதற்கு முன்பே பேசுங்கள். நகையையோ வேறொரு ஜாமீன்தாரரையோ வைத்து உங்களை விடுவிக்க முடியுமா என்று சீட்டு நிறுவனத்தில் கேட்கச் சொல்லுங்கள். மாமியார் வருத்தப்படுவார், ஒரு மாதம் பேசாமல்கூட இருப்பார். அதைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். அடுத்து யாராவது “ஒரு கையெழுத்துதானே” என்று வந்தால், முடிந்தால் 20,000 ரூபாயைத் திரும்பக் கேட்காத பணமாகக் கொடுத்துவிடுங்கள். போனால் அந்த 20,000-தான் போகும். கையெழுத்தில் எவ்வளவு போகும் என்பது உங்கள் கையில் இல்லை.

ஏஜென்ட் சொல்லும் திட்டத்துக்கு வருகிறேன். மாதம் 8,300 ரூபாயை 10 ஆண்டுகளுக்கு முடக்கினால் இத்தகைய திட்டங்களில் பெரும்பாலும் 5, 6 சதவீதம்தான் கிடைக்கும். தொடக்க ஆண்டுகளில் நிறுத்தினால் கட்டியதில் ஒரு பகுதி போய்விடும். அந்த 8,300-ஐ மாதாமாதம் ஆர்.டி.யில் போடுங்கள். எஃப்.டி.யோடு சேர்ந்து 6 லட்சம் ஆகும்வரை வேறெதிலும் போட வேண்டாம்.