பண்பாடு மேடைக்கு மட்டுமல்ல: பழங்குடி மாணவர்களின் மனநலத்துக்கு எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கூடலூர் பக்கம் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறேன். பணியர், காட்டுநாயக்கர் வீட்டுப் பிள்ளைகள் அதிகம். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் பலர் வாயே திறப்பதில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போனால் திரும்பி வருவதில்லை. போன வாரம் ஒரு மாணவி, "நான் இருந்து என்ன ஆகப்போகிறது" என்றாள். அவர்கள் பண்பாட்டைச் சார்ந்து ஏதாவது செய்தால் மனம் தேறும் என்கிறார்கள். ஆண்டுவிழாவில் பழங்குடி நடனம் வைக்க யோசிக்கிறோம். வேறு என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த மாணவியைக் கவனியுங்கள். மற்றதெல்லாம் பிறகு. இன்றே அவளைத் தனியே உட்காரவைத்து, "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே பல பிள்ளைகளுக்கு மூச்சுவிட இடம் தரும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். "ஆம்" என்றாலோ, பதில் சொல்லாமல் அழுதாலோ அவளைத் தனியே விடக்கூடாது. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் நீங்களே அழைத்துச் செல்லுங்கள். இரவில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

இன்னொன்று. சோர்ந்து கிடக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்றோ மனச்சோர்வு என்றோ முடிவுகட்டும் முன் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை இரத்த நோய் இருக்கிறது. ஓயாத களைப்பும் எலும்பு வலியும் அதன் அடையாளங்கள். வலியோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை பேசாமல் இருப்பதில் வியப்பில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பண்பாட்டுக்கும் இளையோர் மனநலத்துக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு அதிகம் பேசப்படும் சான்று கனடாவிலிருந்து வந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஏறத்தாழ 200 பூர்வகுடிச் சமூகங்களை மைக்கேல் சாண்ட்லர், கிறிஸ்டோபர் லலோண்ட் என்ற இரு உளவியலாளர்கள் ஆராய்ந்து 1998இல் வெளியிட்டார்கள். 1987 முதல் 1992 வரையான ஆறு ஆண்டுகளில் பாதிக்கும் மேற்பட்ட சமூகங்களில் ஓர் இளைஞர் தற்கொலைகூட நிகழவில்லை. சிலவற்றிலோ எண்ணிக்கை அச்சுறுத்தும் அளவில் இருந்தது. எது வேறுபடுத்தியது என்று தேடியபோது, தன்னாட்சி, நில உரிமைக்கான போராட்டம், பள்ளியையும் மருத்துவத்தையும் காவல்-தீயணைப்பையும் தாங்களே நடத்துவது, பண்பாட்டுக் கூடம் என்ற ஆறும் சேர்ந்திருந்த சமூகங்களில் இளைஞர் தற்கொலை இல்லவே இல்லை. தாய்மொழியில் பேசத் தெரிந்தவர்கள் பாதிக்கு மேல் இருந்த சமூகங்களிலும் அது மிகக் குறைவு என்று 2007இல் வந்த ஆய்வு காட்டியது. இதுதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல இவை போதாது. ஆனால் அந்த ஆறில் ஐந்து, முடிவெடுப்பது யார் என்பதைப் பற்றியவை. நடனம் ஆடினார்களா என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

அதே கனடாவில்தான், பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைத்து, வீட்டுமொழி பேசினால் தண்டித்தார்கள். கடைசிப் பள்ளி மூடப்பட்டது 1990களில். உங்கள் பள்ளி அப்படிப்பட்டதல்ல. ஆனாலும் விடுதியில் பணிய மொழி காதில் விழுந்தால் "தமிழில் பேசு" என்று யாராவது அதட்டுகிறார்களா என்று பாருங்கள். அதை நிறுத்துவதற்குச் செலவில்லை. நடனத்தைவிட அது முக்கியம் என்பது என் கருத்து.

அலாஸ்காவில் யூபிக் என்ற பூர்வகுடி மக்கள் நடத்தும் குங்காஸ்விக் என்ற திட்டத்தைப் பாருங்கள். மதுவையும் தற்கொலையையும் தடுப்பதே நோக்கம். ஆனால் "மன அழுத்தம்" என்று பலகையில் எழுதிப் பாடம் எடுப்பதில்லை. உறைந்த ஆற்றின்மேல் கைத்தடியால் தட்டித் தட்டி, எந்தப் பனி தாங்கும், எது உடையும் என்று முதியவர் காட்டுகிறார். பிள்ளைகள் பின்னால் நடக்கிறார்கள். ஆபத்தை எப்படி மோப்பம் பிடிப்பது, யாரை நம்பிப் பின்தொடர்வது என்ற பேச்சு நடையிலேயே வந்துவிடுகிறது. எதைக் கற்பிப்பது என்பதை ஊரே தீர்மானிக்கிறது.

உங்கள் மலையில் இதற்கு ஈடானவை இல்லாமலா போகும்? நீலகிரியின் இன்னொரு பழங்குடியான குறும்பர்கள் செங்குத்துப் பாறையில் தேன் எடுக்க இறங்கும்போது, மேலே கயிற்றுக்குக் காவல் நிற்பவர் மைத்துனர். தன் சகோதரியின் வாழ்வு அந்தக் கயிற்றில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். காட்டுநாயக்கரும் தேனெடுக்கும் மக்கள். அவர்களில் ஒரு பெரியவர் வந்து தேன்காலத்தைப் பற்றிப் பேசட்டும். பிறகு பிள்ளைகளிடம், "உன் கயிற்றை யார் பிடிப்பார்கள்?" என்று கேளுங்கள். "உனக்கு என்ன பிரச்சினை?" என்ற கேள்விக்கு வாய் திறக்காத பிள்ளை இதற்குப் பதில் சொல்லக்கூடும். யார் பெயரையும் சொல்ல முடியாத பிள்ளை எது என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

நடனத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் "பழங்குடி நடனம்" என்று ஒன்று கிடையாது. பணியரின் துடி என்ற பறையும் காட்டுநாயக்கரின் பாட்டும் வேறு வேறு. சாவுக்கும் சாமிக்கும் உரியவை மேடைக்கு வரக்கூடாது. எது வரலாம் என்பதை மூப்பர்கள் சொல்லட்டும். ஆண்டுவிழாவில் கைதட்டிவிட்டு, மறுநாள் வகுப்பில் சாதிப் பெயரால் கேலி செய்வதை விட்டுவைத்தால் அந்த நடனம் பிள்ளைகளுக்கு இன்னொரு அவமானம். தலைமுறைகளாகக் கொத்தடிமைகளாக இருந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இவர்களில் பலர். முகம் பார்த்தே மரியாதையை எடைபோடுவார்கள்.

கூடலூரிலேயே முன்மாதிரிகள் உள்ளன. ஆதிவாசி முன்னேற்றச் சங்கம், ஆதிவாசிப் பெண்களே செவிலியராகப் பணியாற்றும் அஷ்வினி என்ற அமைப்பின் மருத்துவமனை, ஆதிவாசிப் பிள்ளைகளுக்கான வித்யோதயா பள்ளி மூன்றையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். புதிதாக எதையும் வகுக்கும் முன் அவர்களிடம் யோசனை கேளுங்கள்.

தொடக்கத்துக்கு மாதம் ஒரு சனிக்கிழமை போதும். ஊரிலிருந்து இருவர், ஓர் ஆண், ஒரு பெண், வரட்டும். அவர்களில் பலர் தோட்டத்தில் தினக்கூலிக்குப் போகிறவர்கள்; வரும் நாளில் கூலி போய்விடும். விருந்தினர் என்று சொல்லித் துண்டு போர்த்தி அனுப்பாமல், மற்ற பயிற்சியாளர்களுக்குக் கொடுப்பதுபோல ஊதியமும் பஸ் கட்டணமும் கொடுங்கள். பள்ளி நிதியில் அதற்கு இடமில்லை என்றால் பழங்குடியினர் நலத் துறைக்கு அனுப்பும் கடிதத்தில் முதல் வரியாக அதைக் கேளுங்கள். மே விடுமுறை தொடங்கும்போதே அந்த இருவரிடம், ஜூனில் வராத பிள்ளைகளின் வீட்டுக்கு உங்களோடு வர முடியுமா என்று பேசி வையுங்கள்.