கார் ஓட்டுவதையே ரசிப்பவர்கள் தங்களுக்கான அழகான சாலையை எப்படித் தேடுவது?

பட்டியல் வேண்டாம், தேடும் வழியைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பட்டியல் கேட்டிருந்தால் பேசாமல் கடந்து போயிருப்பேன். "வாழ்நாளில் போயே ஆகவேண்டிய பத்து சாலைகள்" என்று வருவதெல்லாம் ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதியது. எழுதியவர் அதில் ஒரு சாலையிலாவது ஸ்டியரிங் பிடித்திருப்பாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது என்றே நினைக்கிறேன். வண்டி நன்றாக இருக்கிறது, ஓட்டவும் வருகிறது, ஆனால் ஓட்டுவதெல்லாம் சிக்னலிலும் நான்கு வழிச் சாலையிலும்தான். எப்போதாவது விடுமுறையில் பேர் பெற்ற மலைப்பாதைக்குப் போனால் முன்னால் ஒரு பஸ், பின்னால் ஒரு வரிசை, மேலே போய்ச் சேரும்போது எரிச்சல்தான் மிச்சம். கூட வருகிறவர்களுக்குக் காட்சி வேண்டும், உங்களுக்கு வளைவு வேண்டும். இரண்டும் ஒரே சாலையில் கிடைக்குமா என்பதுதானே கேள்வி? கிடைக்கும்.

என் வழி ரொம்ப எளிது. வரைபடத்தில் சுரங்கப்பாதையைத் தேடுங்கள். மலையைக் குடைந்து ஒரு சுரங்கம் போட்டிருக்கிறார்கள் என்றால், அதற்கு முன் மக்கள் அந்த மலையை எப்படித் தாண்டினார்கள்? மேலே ஒரு பழைய சாலை இருந்திருக்கும். பெரும்பாலும் இன்னும் இருக்கும். லாரி, பஸ், அவசரக்காரர்கள் எல்லோரும் சுரங்கத்துக்குள் போய்விட, மேலே உள்ள சாலை நமக்கு மிஞ்சும். சுவிட்சர்லாந்தில் கோட்ஹார்ட் சாலைச் சுரங்கம் 1980-இல் திறந்தது, கிட்டத்தட்ட 17 கிலோமீட்டர். கணவாயின் தெற்குச் சரிவில் ட்ரெமோலா என்ற பழைய சாலை, கருங்கல் பாவிய 24 கொண்டை ஊசி வளைவுகளோடு, அப்படியே கிடக்கிறது. நார்வேயில் லேர்டால் சுரங்கம் 24.5 கிலோமீட்டர், 2000-இல் திறந்தது, உலகத்தின் மிக நீளமான சாலைச் சுரங்கம் அதுதான். அந்தச் சுரங்கம் இணைக்கும் இரண்டு ஊர்களுக்கு நடுவே மலைக்கு மேலே போகும் பழைய சாலையை இப்போது அந்த நாட்டின் 18 தேசியச் சுற்றுலாச் சாலைகளில் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், அது வேறு விஷயம். அவசரத்தில் இருப்பவன் கீழே போவான், ஓட்ட வந்தவன் மேலே போவான்.

சுரங்கம் இல்லாத இடத்தில் புறவழிச் சாலையைப் பாருங்கள், அணை கட்டியதால் மாற்றி அமைத்த சாலையைப் பாருங்கள். புதுச் சாலை நேராக ஓடும், பக்கத்திலேயே பழைய சாலை மெல்லிய கோடாக வளைந்து வளைந்து வந்து, அங்கங்கே அதைத் தொட்டுவிட்டுப் பிரியும். மோட்டாருக்கு முன் காலத்தில் போட்ட மலைச்சாலைகள் குதிரையும் மாடும் இழுத்துக்கொண்டு ஏறுவதற்காகப் போட்டவை. செங்குத்தாக ஏற்ற முடியாது என்பதால் மலையின் மடிப்புகளோடு மடிப்பாகச் சுற்றிக்கொண்டு போகும். அந்தச் சுற்றல்தான் நமக்கு விருந்து.

அடுத்தது சம உயரக் கோடுகள். பள்ளிக்கூடத்தில் புவியியல் பாடத்தில் போட்டு உயிரை வாங்கினார்களே, அதே கோடுகள். நிலத்தோற்றம் காட்டும் எந்த வரைபடத்திலும் இருக்கும். சாலை அந்தக் கோடுகளை வெட்டிக்கொண்டு இப்படியும் அப்படியுமாக ஏறினால் கொண்டை ஊசி. கோட்டை ஒட்டியே நெளிந்து போனால் ஏற்ற இறக்கம் அதிகம் இல்லாமல் வளைவுக்கு மேல் வளைவாக ஓடும் சாலை. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் நிஜமான சாலை. கொண்டை ஊசி வளைவில் என்ன இருக்கிறது? பிரேக், ஃபர்ஸ்ட் அல்லது செகண்ட் கியர், ஸ்டியரிங்கை முழுசாகச் சுற்று, திரும்பியாயிற்று. அதையே 48 முறை செய்ய வேண்டும். மாறாக, செகண்டுக்கும் தேர்டுக்கும் இடையில் கியர் மாறிக்கொண்டே, ஒரு வளைவு முடியும் இடத்திலேயே அடுத்தது ஆரம்பிக்கிற சாலையில் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். கை, கால், கண் மூன்றும் ஒரே வேலையைச் செய்வது போல இருக்கும்.

இப்போது சண்டைக்கு வருவீர்கள், தெரியும். 48 வளைவு உள்ள இத்தாலியின் ஸ்டெல்வியோவைக் குறை சொல்ல நீ யார், நீ அங்கே ஓட்டியிருக்கிறாயா என்று. ஓட்டியதில்லை. 1820-களில் ஐந்தே வருடத்தில் 2,757 மீட்டர் உயரத்துக்குச் சாலை போட்டவர்களை நான் குறை சொல்லவும் இல்லை. கொல்லிமலையின் 70 வளைவுகளையும் குறை சொல்லவில்லை. வளைவின் எண்ணிக்கையை வைத்துச் சாலையை மதிப்பிடாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான். அமெரிக்காவில் 11 மைலில் 318 வளைவு என்றே பேர் வாங்கின ஒரு சாலை இருக்கிறது. வளைவில் நின்று போகிற வருகிற வண்டியை எல்லாம் படம் பிடித்து விற்கும் தொழிலே அங்கே நடக்கிறது. எண்ணிக்கை பரவினால் கூட்டமும் பரவும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். நானும் ஆரம்பத்தில் எல்லோரையும் போல புகழ்பெற்ற பாதைக்குத்தான் போனேன். ஒரு சுற்றுலா பஸ்ஸின் பின்பக்கத்தை இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அதற்கப்புறம்தான் இரவெல்லாம் செயற்கைக்கோள் படத்தை உருட்டிக்கொண்டு இந்தச் சுரங்க வித்தையைப் பிடித்தேன். சுரங்கத்துக்கு மேலே ஒரு சாலை, நாலைந்து கிராமங்களுக்காக மட்டும் இன்னும் பராமரிக்கிறார்கள். சாலையோரப் படங்களை வைத்து தார் இருக்கிறதா, தடுப்புச் சுவர் இருக்கிறதா, எதிரே வண்டி வந்தால் ஒதுங்க இடம் இருக்கிறதா என்று ஒவ்வொரு வளைவாகப் பார்த்தேன். வழிகாட்டும் ஆப் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. எப்படிக் கேட்டாலும் சுரங்கத்துக்கே இழுத்தது. வழியில் இருக்கும் கிராமங்களை ஒவ்வொன்றாக இடைநிறுத்தமாகச் சேர்த்தபிறகுதான் வழிக்கு வந்தது. (வளைவான வழியைத் தானே தேடித் தரும் குர்விகர் போன்ற ஆப்களும் இருக்கின்றன. பைக் ஓட்டுகிறவர்களுக்காக வந்தவை, காருக்கும் பயன்படும்.)

வார நாளில், விடியற்காலையில், கணவரும் அக்காவும் நானும் கிளம்பினோம். வண்டி ஓட்டுவது நான். கணவருக்கு ஓட்டத் தெரியாது, வளைவு வந்தால் தலை சுற்றும். கிழக்கே பார்த்து ஏறினால் காலை வெயில் கண்ணில் அடிக்கும் என்று மேற்கே ஏறுவது போலத் திட்டம் போட்டிருந்தேன். ஏறும்போது கிடைத்த அந்த ஒரு மணி நேரத்தை எப்படிச் சொல்வது? சாலையின் இரண்டு ஓரமும் தூரத்தில் ஒன்று சேர்வது போலத் தெரியும் புள்ளி இருக்கிறதே, அதையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். புள்ளி நம்மை விட்டு விலகினால் வளைவு விரிகிறது, கொஞ்சம் மிதிக்கலாம். புள்ளி நம்மை நோக்கி வந்தால் வளைவு இறுகுகிறது, வேகத்தைக் குறை. அந்த ஒன்றைப் பழகிவிட்டால் தெரியாத சாலையும் முன்னாலேயே பேச ஆரம்பித்துவிடும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளத்தாக்கு முழுக்கப் பனி. அக்கா மட்டும், "ஏன்டி, எதிர்ல ஒரு ஈ காக்கா கூட வரலையே, சரியான ரோடுதானா இது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

தப்பு நடந்தது இறக்கத்தில். ஏறிய சந்தோஷத்தில் தேர்ட் கியரிலேயே விட்டு, பிரேக்கில் காலை வைத்தபடி, காட்சியைக் காட்டிக்கொண்டே இறங்கினேன். ஏழெட்டு கிலோமீட்டர் கழித்துக் கருகின வாசனை வந்தது. வேறு ஏதோ வண்டி என்று நினைத்தேன், அந்தச் சாலையில் வேறு வண்டியே இல்லை என்பது மறந்துவிட்டது. அடுத்த வளைவுக்கு மிதித்தபோது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. கணவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா?" என்றார். "ஒண்ணும் இல்லைங்க, பேசாம இருங்க" என்றேன். பெடலை விட்டு விட்டு மிதித்து, செகண்டுக்கு இறக்கி, எஞ்சின் கத்தக் கத்த ஃபர்ஸ்டுக்கும் இறக்கி, ஹேண்ட் பிரேக்கைப் பட்டனை அழுத்தியபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப்பக்கம் இருந்த ஒரு மண் மேட்டில் ஒதுக்கி நிறுத்தினேன். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றப் போன கணவரை ஓடிப்போய்த் தடுத்தேன், சூடான டிஸ்க்கில் தண்ணீர் பட்டால் வளைந்துவிடும், விரிசலும் விடலாம். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். "இதுக்குத்தான்டி டன்னல் போட்டிருக்கான்" என்றாள் அக்கா.

நடந்தது இதுதான். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினபின் அது 155 டிகிரி வரைக்கும் இறங்கலாம். இறக்கம் முழுக்க பிரேக்கைப் பிடித்தால் அந்தச் சூடு சுலபமாக வந்துவிடும். ஆயில் கொதித்து ஆவிக் குமிழி வந்ததும், மிதிக்கிற மிதி குமிழியை அமுக்குவதோடு சரி, சக்கரத்துக்குப் போகாது.

இங்கே ஒரு ஆற்றாமையைக் கொட்டியே ஆகவேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்புதான் சர்வீஸ் விட்டிருந்தேன். பிரேக் ஆயில் மாற்றியதாக பில்லில் இருந்தது. திரும்பி வந்து வேறு ஒரு மெக்கானிக்கிடம் காட்டினால், மூடியைத் திறந்த உடனே, "இது மாத்தி நாலு வருஷம் இருக்கும்மா" என்றார். புதுசு வெளிர் மஞ்சளாக இருக்கும், இது சேற்று நிறம். சர்வீஸ் விட்ட இடத்தில் போய்க் கேட்டபோது அந்த ஆள் எனக்குப் பதில் சொல்லவே இல்லை, என் பக்கத்தில் நின்ற கணவரைப் பார்த்து, "சார், மேடத்துக்கு மலையில ஓட்டிப் பழக்கம் இல்ல போல" என்றார். லைசென்ஸே இல்லாத மனுஷனிடம்! இருபது வருடமாக வண்டி ஓட்டுகிறேன், வண்டி என் பேரில் இருக்கிறது, பணம் கட்டுவது நான், விளக்கம் மட்டும் அவருக்கு. எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. ஆனால் இதைப் படிக்கும் பெண்களுக்கு நான் சொல்வது புரியும்.

அதற்காகப் பழி முழுக்க அவர்கள் மேல் இல்லை. புது ஆயில் இருந்திருந்தாலும் நான் இறங்கிய விதம் தப்பு. ஏறுவதற்கு எந்த கியர் தேவைப்பட்டதோ அதிலேயே இறங்கவேண்டும், வேகத்தைப் பிடிப்பது எஞ்சினின் வேலை, வளைவுக்கு முன் மட்டும் பிரேக்கை அழுத்தி மிதித்து விட்டுவிட வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் இதைச் செய்ய முடியாது என்று யாராவது வருவார்கள். எல் என்றோ மேனுவல் என்றோ ஒரு நிலை இருக்கும், பாருங்கள். மின்சார வண்டிக்காரர்கள் மலை உச்சியில் பேட்டரியை முழுசாக நிரப்பிக்கொண்டு இறங்காதீர்கள், நிரம்பிய பேட்டரிக்குள் இறக்கத்தின் சக்தியைத் திருப்பி அனுப்ப இடம் இருக்காது.

மற்றபடி வரைபடத்தை முன்னமே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், மேலே சிக்னல் இருக்காது. மழை பெய்த மறுநாள் போகாதீர்கள், ஆள் போகாத சாலையில் விழுந்த கல்லை உடனே யாரும் எடுக்கமாட்டார்கள். கிராமத்துக்குள் மெதுவாகப் போங்கள், அது அவர்களுடைய சாலை.

அந்தச் சாலையின் பெயரைக் கேட்டு யாரும் எழுதவேண்டாம். சொல்லமாட்டேன். சுயநலம் என்று திட்டினாலும் பரவாயில்லை, அடுத்த வருடமே அங்கே ஒரு பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு ஏற எனக்குப் பொறுமை இல்லை. ஒரு சுரங்கத்துக்கு மேலே இருக்கிறது, அதுவரை சொல்லிவிட்டேன்.