கிராம்பியன்ஸ் மலையில் நடக்க: கேட்டவையும் என் பதில்களும்

மெல்பர்னிலிருந்து மேற்கே மூன்று மணி நேரம் காரில் போனால் சமவெளி நடுவே மணற்பாறை மலைகள் திடீரென்று எழுந்து நிற்கும். அதுதான் கிராம்பியன்ஸ். அங்குள்ள பூர்வகுடிகளான ஜாப் வுருங், ஜார்ட்வாட்ஜலி மக்களுக்கு அது கரிவெர்ட். பல வருடங்களாக அங்கே நடந்து வருகிறேன் என்பதால் நண்பர்கள் நிறைய கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

அக்கா, பிள்ளைகளுக்கு டிசம்பர் கடைசியில்தான் லீவு. குடும்பத்தோடு போகலாமா?

போகாதீர்கள் என்றுதான் சொல்வேன் தம்பி. டிசம்பர், ஜனவரி இங்கே கோடை. நம் ஆட்கள் பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான் கிளம்புகிறார்கள், எனக்கு அதுதான் கவலை. நானும் முதல் முறை ஜனவரியில்தான் போனேன். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். பாதி வழியில் பாட்டில் காலி. கூட வந்த தோழிக்கு வேர்ப்பது நின்று உடம்பு சில்லிட்டது போல் நடுக்கம். நிழலில் உட்காரவைத்து, எதிரே வந்தவர்களிடம் தண்ணீர் வாங்கிக் கொடுத்து, மெதுவாக இறக்கினோம். அன்றைக்கு அவர்கள் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

வெயிலை விடப் பெரிது தீ. 2024 டிசம்பரில் மின்னல் விழுந்து பற்றிய தீயில் 70,000 ஹெக்டேருக்கு மேல் எரிந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால், மலைக்கு நடுவே இருக்கும் ஹால்ஸ் கேப் ஊரையே காலி செய்யச் சொன்னார்கள். ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை போய்ப் பாருங்கள். அருவிகளில் தண்ணீர் இருக்கும், பாதையோரப் புதர்களில் திரிப்டோமீன் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்திருக்கும். செப்டம்பர் கடைசியில் பிள்ளைகளுக்கும் லீவுதானே.

கோடையில்தான் முடியும் என்றால், விக்டோரியா மாநிலத்தின் அவசர எச்சரிக்கைகளைத் தரும் விக்எமர்ஜென்சி ஆப்பில் விம்மெரா மாவட்டத்தின் தீ அபாய நிலையைத் தினமும் பாருங்கள். ஹால்ஸ் கேப் அந்த மாவட்டத்தில்தான் வருகிறது. மிக உயர்ந்த நிலையான 'கேட்டஸ்ட்ரோஃபிக்' அறிவித்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். அதற்கு ஒரு படி கீழே, 'எக்ஸ்ட்ரீம்' அன்றும் காட்டுக்குள் நடக்காதீர்கள்.

அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார், 64 வயது, லேசாக மூட்டு வலி. எங்கே கூட்டிப் போகலாம்?

வீனஸ் பாத்ஸ். ஹால்ஸ் கேப் ஊரிலேயே ஆரம்பித்து ஓடையோரமாகவே போகும், சுற்றி வந்தால் இரண்டரைக் கிலோமீட்டருக்குள்தான். பாறையில் தண்ணீர் குடைந்த குழிகள் இருக்கும், அம்மா காலை நனைத்துக்கொண்டு உட்காரலாம். மெக்கென்ஸி அருவியின் அடிவாரத்துக்கு மட்டும் இறக்கிவிடாதீர்கள். இறங்குவது சுலபம், இருநூறுக்கு மேற்பட்ட படிகளைத் திரும்ப ஏறும்போதுதான் மூட்டு பேசும். மேலே இருக்கும் பார்வை மேடையிலிருந்தே அருவி நன்றாகத் தெரியும்.

சாயங்காலம் ஊர் மைதானத்துப் பக்கம் போனால் கங்காருகள் கூட்டமாக மேயும். அம்மாவுக்கு அதுவே போதும்.

பினக்கிள் உச்சிக்கு ஏறுவது ரொம்பக் கஷ்டமா? எனக்கு உயரம் என்றால் பயம்.

வொண்டர்லேண்ட் கார் பார்க்கிலிருந்து போய்வர சுமார் நான்கு கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் இரண்டரை மணி நேரம். தூரம் பெரிதில்லை, ஆனால் முழுக்கப் பாறை. முதலில் கிராண்ட் கேன்யன், அடுக்கடுக்காகச் செதுக்கி வைத்தது போன்ற சுவர்களுக்கு நடுவே இரும்புப் படி ஏறிப் போக வேண்டும். அப்புறம் சைலன்ட் ஸ்ட்ரீட். இந்த மலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு வெடிப்பு, அதற்குள்தான் பாதை. முதுகுப் பையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டால் சௌகரியம். வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே பாறை ஈரமாக, கை வைத்தால் ஜில்லென்று இருக்கும். முன்னால் போகிறவர் பேசுவது பின்னால் வருகிறவருக்குக் காதருகே கேட்கும்.

உச்சியில் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள், பிடித்துக்கொண்டு பார்க்கலாம். கீழே ஊரும் பெல்ஃபீல்டு ஏரியும் தெரியும். பயமாக இருந்தால் வேலிவரை போகாமல் உட்கார்ந்துவிடுங்கள், தப்பே இல்லை. சண்டயல் கார் பார்க்கிலிருந்து வரும் பாதையில் ஏற்றம் குறைவு, முதல் முறைக்கு அதையே எடுக்கலாம். ஒன்றே ஒன்று: எந்த உச்சியிலும் போட்டோவுக்காக வேலியைத் தாண்டாதீர்கள். இந்த மலையில் அப்படி உயிர் போயிருக்கிறது.

பாம்பு?

இருக்கிறது. டைகர் ஸ்நேக், பிரவுன் ஸ்நேக் இரண்டுமே கடும் விஷம். பார்த்தால் நின்றுவிடுங்கள், அதுவாகப் போய்விடும். கல்லெறிவது, குச்சியால் தள்ளுவது எல்லாம் வேண்டாம்.

பையில் இரண்டு அகலமான எலாஸ்டிக் பேண்டேஜ் கட்டாயம். கடித்த இடத்தைக் கழுவக் கூடாது, கீறக் கூடாது, கயிறு கட்டக் கூடாது. கடித்த இடத்தையே மூடி ஒரு கட்டு. அடுத்தது விரல் நுனியிலிருந்து தொடங்கிக் காலோ கையோ முழுக்க, சுளுக்குக்குக் கட்டுவதுபோல் இறுக்கமாக. கடிபட்டவர் ஓர் அடிகூட நடக்கக் கூடாது. அவசர உதவி எண் 000-க்குப் போன் செய்யுங்கள்.

சாப்பாடு?

புளியோதரையை மிஞ்ச ஆளில்லை. ஆனால் ஒரு பருக்கையும் அங்கே சிந்தக் கூடாது. கொக்கட்டூ, குக்கபரா போன்ற பறவைகள் தட்டிலிருந்தே பறிக்கும், நாமும் பழக்கிவிடக் கூடாது. டோட்டல் ஃபயர் பேன், அதாவது தீ மூட்ட முழுத் தடை, அறிவித்த அன்று நாம் கொண்டுபோகும் கேஸ் அடுப்பைக்கூடப் பற்றவைக்கக் கூடாது.

எரிந்த காட்டில் பார்க்க என்ன இருக்கிறது?

ஊட்டியில் நாம் தைலமரம் என்கிறோமே, அந்த யூகலிப்டஸ் இனம்தான் இங்கே காடு முழுக்க. எரிந்து கரியான அடிமரத்தில் கிளையே இல்லாமல், பட்டைக்குள்ளிருந்து நேராகத் துளிர் கிளம்பும். கரிய உடம்பில் பச்சை ரோமம் முளைத்த மாதிரி. புல்மரம் தீ பட்ட பிறகுதான் ஏராளமாகப் பூக்கும், ஆளுயரத் தண்டில். நின்று பார்க்க வேண்டிய காட்சி. எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதை மட்டும் கிளம்பும் முன், பூங்காவை நிர்வகிக்கும் பார்க்ஸ் விக்டோரியாவின் இணையதளத்தில் பாருங்கள்.

பாறை ஓவியங்களைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

வடக்கே, ஹாலோ மவுண்டன் பக்கம் குல்குர்ன் மஞ்ஜா போங்கள். 'இளையோரின் கைகள்' என்று பொருள். பாறையில் இருக்கும் கைத்தடங்களில் பல சிறுபிள்ளைகளுடையவை. தொடக் கூடாது, நம் விரலின் எண்ணெய்ப் பிசுக்கே அதைக் கெடுக்கும். என் மகள் தள்ளி நின்றபடியே தன் கையை விரித்து அளவு பார்த்தாள், கிட்டத்தட்ட அதே அளவு. வீடு வரும்வரை அந்தப் பிள்ளைக்கு என்ன பெயர் இருந்திருக்கும் என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

நாயைக் கூட்டிப் போகலாமா?

தேசியப் பூங்காப் பாதைகளில் கூடாது.

கிராம்பியன்ஸ் பீக்ஸ் டிரெயில் முழுவதையும் தனியாக நடக்க ஆசை.

2021 நவம்பரில் திறந்த பாதை. வடக்கே மவுண்ட் ஸீரோவிலிருந்து தெற்கே டன்கெல்டு வரை சுமார் 160 கிலோமீட்டர், 13 நாள். எடுத்தவுடனே முழுசாக வேண்டாம் தங்கச்சி. ஹால்ஸ் கேப்பை ஒட்டிய பகுதியில் இரண்டு இரவு தங்கி, முழுப் பாரத்தோடு நடந்து பாருங்கள். முகாம்களை முன்பதிவு செய்ய வேண்டும். அங்கே தொட்டியில் இருக்கும் தண்ணீரைச் சுத்தப்படுத்தித்தான் குடிக்கணும். நிறைய இடங்களில் சிக்னல் கிடையாது, அதனால் ஆபத்தில் செயற்கைக்கோள் வழியாகத் தகவல் அனுப்பும் பீக்கன் ஒன்றை வாடகைக்காவது எடுங்கள். எந்த நாள் எந்த முகாம் என்று எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். போய் வந்து எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.