11 தோல்வியோடு சென்னையின் அணி எப்படி பிளேஆஃப் போனது?

மதுரையில் ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குப் பந்தாடப் போகிற தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: 2023-24 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்தில் சென்னையின் எஃப்சி ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகம், பிறகு எப்படி பிளேஆஃப் என்ற கடைசிக்கட்ட நாக்-அவுட் சுற்றுக்குள் வந்தார்கள்?

சரி, கணக்கைப் பார்ப்போம். 22 ஆட்டம்: 8 வெற்றி, 3 டிரா, 11 தோல்வி. வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1. ஆக 24 + 3 = 27. சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. மூன்று ஆட்டத்தை டிரா செய்தால் 3 புள்ளி; ஒன்றை ஜெயித்து இரண்டில் தோற்றாலும் அதே 3 புள்ளிதான். அதனால் அடிக்கடி தோற்றாலும் அவ்வப்போது ஜெயித்துவிடுகிற அணி, முட்டி மோதி டிரா எடுக்கிற அணிக்குப் பட்டியலில் பின்தங்கிவிடாது. அந்த சீசனில் 12 அணிகளில் முதல் 6 பேருக்கு பிளேஆஃப் வாய்ப்பு; சென்னையின் ஆறாவது. அடுத்திருந்த நார்த்ஈஸ்ட் யுனைடெட் 26-லும், பஞ்சாபும் ஈஸ்ட் பெங்காலும் 24-லும் நின்றுவிட்டன.

ஆனால் ஆறாவது இடம் என்பது பந்தியில் கடைசி இலை மாதிரி. அந்த சீசனில் முதல் இரண்டு அணிகள் நேராக அரையிறுதிக்குப் போய்விட்டன. ஆறாவது அணியோ மூன்றாவது அணியின் ஊருக்கே போய் ஒரே ஆட்டத்தில் ஜெயித்தாக வேண்டியிருந்தது. கோவாவில் அந்த ஆட்டம் 2-1 எனக் கைவிட்டுப் போனது. என்னைக் கேட்டால், வெளியூரில் தடுமாறும் அணிக்கு ஆறாம் இடத்தில் பெரிதாக நம்பிக்கை வைக்க மாட்டேன்.