குடும்ப வண்டியை எவ்வளவு தூக்கலாம்? சஸ்பென்ஷன் பற்றிக் கேள்வி பதில்

வாரம் முழுக்கப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போகும் அதே ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் விடுமுறைக்குக் காட்டுப்பாதையிலும் போக வேண்டும். அதற்காகச் சஸ்பென்ஷனை, அதாவது சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் (சுருக்கமாக ஷாக்) அமைப்பை, எவ்வளவு தூக்கலாம், எப்படித் தூக்கலாம் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். இருபது வருடத்துக்கு மேலாக இந்த வண்டிகளின் அடியில் படுத்து வேலை பார்க்கிறவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, நாங்கள் நான்கு பேர். கூடாரம், தண்ணீர் கேன், சமையல் சாமான் எல்லாம் ஏற்றினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது. மேடு ஏறி இறங்கும்போது அடி தட்டுகிறது. இரண்டு அங்குலம் தூக்கட்டுமா, மூன்றா?

உயரத்தை அப்புறம் பார்ப்போம், முதலில் எடையைச் சொல்லுங்கள். ஸ்பிரிங் பெட்டியில் ‘இரண்டு அங்குலம்’ என்று போட்டிருப்பது ஒரு குறிப்பிட்ட சுமைக்குக் கிடைக்கும் உயரம். அதே இரண்டு அங்குலத்திலேயே வெறும் வண்டிக்கு ஒன்று, நடுத்தரச் சுமைக்கு ஒன்று, எப்போதும் கனமாக ஓடும் வண்டிக்கு ஒன்று எனத் தனித்தனி ஸ்பிரிங் வரும். எங்களிடம் வரும் பாதிப் புகார் இதில் தவறாக எடுத்ததால்தான். வருடத்துக்கு இரண்டு பயணத்தை மனதில் வைத்துக் கனத்த ஸ்பிரிங் போட்டுவிடுவார்கள். மீதி நாளெல்லாம் வெறும் வண்டி ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்னால் எகிறும், பின் சீட்டில் இருக்கும் பிள்ளைக்கு வாந்தி வரும்.

வீட்டிலேயே ஒரு வேலை செய்யுங்கள். சமதளத்தில் வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டி நிறுத்துங்கள். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்ட் விளிம்பு வரை டேப் பிடித்து நான்கு மூலையையும் எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று கணக்கைக் கெடுக்கும். அப்புறம் பயணத்துக்குப் போவது போலவே எல்லாரும் ஏறி, சாமானும் ஏற்றி, மறுபடி அளங்கள். முன்பக்கம் 10 மி.மீ., பின்பக்கம் 60 மி.மீ. இறங்கியது என்று வந்தால், குறை முழுக்கப் பின் ஸ்பிரிங்கில் இருக்கிறது. வண்டி பழையதென்றால் வெறும் வண்டி அளவையும் கம்பெனி அளவோடு ஒப்பிடுங்கள். ஸ்பிரிங் ஏற்கெனவே தளர்ந்து 20, 25 மி.மீ. இறங்கியிருப்பது சாதாரணம். அப்படியானால் புது ஸ்பிரிங் போட்டதுமே பாதி உயரம் திரும்பிவிடும்.

நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் பின்னால் நடுத்தரச் சுமை ஸ்பிரிங், முன்னால் லேசானது, மொத்தம் 40 முதல் 50 மி.மீ. போதும். ஆக்ஸில் இடைவெளி 2700 மி.மீ., நடு வயிற்றுக்கும் தரைக்கும் 210 மி.மீ. என்று வையுங்கள். மேட்டில் வயிறு தட்டாமல் கடக்கும் கோணம் சுமார் 17.7 டிகிரி வரும். 50 மி.மீ. தூக்கினால் அது 21.8 ஆகும். உங்கள் பாதையில் இந்த நான்கு டிகிரி நன்றாகவே தெரியும்.

கேள்வி: ஸ்பிரிங் மாற்றாமல், உயரம் கூட்ட ஸ்பேசர் தட்டு மட்டும் இடையில் வைத்தால் செலவு குறைகிறதே?

குறையும். ஆனால் ஸ்பேசர் ஸ்பிரிங்குக்குப் பலம் சேர்க்காது. சுமை ஏற்றினால் முன்பு எவ்வளவு இறங்கியதோ அவ்வளவே இறங்கும். சக்கரத்தை மேலும் கீழும் இரண்டு ஆர்ம்கள் (கைகள்) பிடித்திருக்கும் இரட்டை விஷ்போன் முன் சஸ்பென்ஷனில், ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்தது) ஆர்மின் நடுவில் மாட்டியிருப்பதால், 25 மி.மீ. தட்டு மேலே வைத்தால் சக்கரத்தில் 40, 50 மி.மீ. உயரும். இது தெரியாமல் 50 மி.மீ. தட்டே வைத்துவிடுகிறார்கள். சக்கரம் தொங்கும்போது ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட்டும், சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சிவி ஜாயின்ட்டும் தாங்கும் கோணத்தைத் தாண்டுகின்றன. சிவி ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் தெறிக்கிறது. முன்னும் பின்னும் மட்டம் சரிசெய்ய ஒரு மெல்லிய தட்டு வைப்பதில் தப்பில்லை. உங்கள் பிரச்சினை சுமை என்றால் தட்டு வேண்டாம்.

கேள்வி: இரண்டு அங்குலம் தூக்கியும் பின் ஆக்ஸிலின் நடுவில் உள்ள டிஃபரன்ஷியல் உருண்டை கல்லில் இடிக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை. ஸ்பிரிங் தூக்குவது அதற்கு மேலே உள்ள சேசிஸையும் பாடியையும்தான். இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே துண்டான திட ஆக்ஸில் சக்கரத்தோடு இருக்கிறது, அதைத் தூக்க டயர் ஒன்றுதான் வழி. அதுவும் விட்டம் கூடியதில் பாதிதான் கிடைக்கும். 265/65 ஆர்17 டயரின் விட்டம் 776 மி.மீ., 265/70 ஆர்17 போட்டால் 803. ஆக்ஸிலுக்குக் கிடைப்பது 13 மி.மீ. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 103க்கு மேல் போகும். அந்த அளவு டயர் உங்கள் வண்டியில் முழுக்கத் திரும்பும்போது உரசாமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கேள்வி: மூன்று அங்குலமே வேண்டும் என்று மகன் பிடிவாதம் பிடிக்கிறான். கவிழ்ந்துவிடுமோ என்று எனக்குப் பயம்.

உங்கள் பயம் நியாயமானது. இடது வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கால் வகுத்துப் பாருங்கள். அகலம் 1500, உயரம் 700 என்றால் 1.07. மையம் 50 மி.மீ. ஏறினால் 1.00. 75 ஏறினால் 0.97. எண் குறையக் குறைய, திடீரென ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது கவிழும் வாய்ப்பு கூடுகிறது. கூரையில் 60 கிலோ சாமான் கட்டினால் இன்னும் மோசம். மகனுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். இரண்டு அங்குலத்தில் நிறுத்தி, கனமான சாமானைக் கூரையிலிருந்து இறக்கி வண்டிக்குள் தாழ்வாகக் கட்டச் சொல்லுங்கள். என் வண்டியிலும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

கேள்வி: தூக்கிய பிறகு வேகமாகப் போனால் ஸ்டீயரிங் லேசாகி வண்டி அலைகிறது.

காஸ்டர் போய்விட்டது. சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பது போல முன் சக்கரத்தின் திருப்பும் அச்சும் பின்னால் சாய்ந்திருக்கும், அந்தச் சாய்வுதான் காஸ்டர். திருப்பியபின் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவது அதனால்தான். முன்னால் திட ஆக்ஸிலும் அதைச் சேசிஸோடு பிடிக்கும் ரேடியஸ் ஆர்மும் உள்ள வண்டியில் 50 மி.மீ. தூக்கினால் இரண்டு மூன்று டிகிரி குறைந்துவிடும். காஸ்டர் சரிசெய்யும் புஷ் (ஆர்ம் மாட்டும் இடத்தில் உள்ள ரப்பர் உருளை) போட வேண்டும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனிச் சஸ்பென்ஷன் என்றால் வீல் அலைன்மென்ட்டில் காஸ்டர் கிடைக்கிறதா பாருங்கள், கிடைக்காவிட்டால் மேல் ஆர்மை மாற்ற வேண்டும். எப்படியானாலும் அலைன்மென்ட் பார்க்காமல் தூக்கிய வண்டியை நெடுஞ்சாலையில் ஓட்டாதீர்கள்.

கேள்வி: மெக்கானிக் வேலையை முடித்துவிட்டார். நான் என்ன சரிபார்க்க வேண்டும்?

முதலில் பிரேக். என் சொந்த வண்டியை முதல்முறை தூக்கியபோது ஸ்பிரிங்கும் ஷாக்கும் மாற்றியதோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஒரு பள்ளத்தில் பின் சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. இறங்கிக் குனிந்து பார்த்தால் பிரேக் ஹோஸ் கயிறு போல விறைத்து நிற்கிறது. இரும்பு மூட்டில் நுழையும் இடத்தில் ரப்பர் வெளுத்து, மயிரிழை மாதிரி கீறல்கள். என் பிள்ளைகள் இருவரும் வண்டிக்குள் இருந்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு வண்டியையும் ஜாக்கியில் ஏற்றிச் சக்கரத்தை முழுக்கத் தொங்கவிட்டு, ஹோஸ், ஏபிஎஸ் ஒயர், ஆக்ஸில் மூச்சுக் குழாய் மூன்றையும் கையால் தொட்டுப் பார்த்த பிறகே அனுப்புகிறேன். நீங்களும் அதைச் செய்யச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள்.

சில வண்டிகளில் பின் ஆக்ஸிலோடு இணைந்த சுமை உணரும் பிரேக் வால்வு இருக்கும். வண்டியைத் தூக்கினால் சுமை இல்லை என்று எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதன் கம்பியைப் புது உயரத்துக்கு மாற்றி வைக்க வேண்டும்.

இன்னொன்று, ஆர்ம் புஷ் போல்ட்டை எப்போது முறுக்கினார் என்று கேளுங்கள். புஷ் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியிருக்கும். வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால், தரையில் இறக்கியதும் ரப்பர் எந்நேரமும் முறுக்கியபடியே கிடந்து சீக்கிரம் கிழியும். சக்கரம் தரையில், வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு. ஹெட்லைட்டையும் தாழ்த்தி வையுங்கள், எதிரே வருபவர் கண் கூசும்.

கேள்வி: ஷாக் நன்றாக இருக்கிறது. ஸ்பிரிங் மட்டும் மாற்றலாமா?

30 மி.மீ. வரை சிலர் ஓட்டுகிறார்கள். 50 என்றால் நீளமான ஷாக் வேண்டும். பழையது சக்கரம் தொங்கும்போது முழு நீளத்துக்கு இழுபட்டு டக் டக்கென்று அடிக்கும். கனத்த ஸ்பிரிங்குக்கு அதற்கேற்ற டாம்பிங்கும் (துள்ளலை அடக்கும் சக்தி) தேவை. பணம் ஓர் இடத்தில்தான் போடமுடியும் என்றால், நான் உயரத்தைக் குறைத்து ஷாக்கில் போடுவேன்.

கேள்வி: என்னுடையது தனிச் சேசிஸ் இல்லாத சிறிய ஆல் வீல் டிரைவ் வண்டி.

20, 30 மி.மீ.க்கு மேல் வேண்டாம், ஆக்ஸில் ஷாஃப்ட் கோணம் தாங்காது. நல்ல டயரும் அடிப்பக்கத் தகடும் உங்களுக்கு அதிகம் உதவும்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. இப்போதே ஏறச் சிரமப்படுகிறார்.

அப்படியானால் தூக்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஏறும் உயரம் தெரிய, கதவுப் படியை விட இரண்டு அங்குலம் கூடிய திண்ணை ஒன்றில் அம்மாவை மெதுவாகக் கால் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் பக்கப் படியும் கைப்பிடியும் மாட்டிய பிறகு தூக்குங்கள்.

கேள்வி: எல்லாம் முடிந்தது. எப்போது திரும்ப வரட்டும்?

500 கிலோமீட்டரில் வாருங்கள். புது ஸ்பிரிங் கொஞ்சம் அமர்ந்திருக்கும். பட்டை ஸ்பிரிங் என்றால் அதை ஆக்ஸிலோடு பிடிக்கும் யு போல்ட் தளர்ந்திருக்கலாம். எல்லா நட்டையும் மறுபடி இறுக்கி, நான்கு மூலையும் அளந்து, முதல் நாள் எழுதிய தாளோடு வைத்துப் பார்ப்போம். அந்தத் தாளை மறக்காமல் கொண்டு வாருங்கள்.