மாமா சொன்ன வால்டேரும் மகள் போட்ட கேள்விக்குறியும்

"பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். எந்நேரமும் பொன்மொழிகளை எழுதிவைத்து, உண்மையில் யார் சொன்னது என்று தேடிக்கொண்டிருக்கிறாள். கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்ப்பதற்குள் இந்தக் கிறுக்கை விட வைக்க வேண்டும்" என்று எழுதி, அவள் நோட்டின் இரண்டு பக்கங்களையும் அனுப்பியிருக்கிறீர்கள். கவலை புரிகிறது, அம்மா. ஆனால் பக்கங்களைப் பார்த்தபின் உங்கள் பக்கம் பேச மனம் வரவில்லை.

"உன் கருத்தை ஏற்கவில்லை, அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன் - வால்டேர்." இது அவள் மாமா வாட்ஸ்அப்பில் அனுப்பியது. கீழே சிவப்பு மையில் அவள்: "வால்டேர் இறந்தது 1778. இந்த வரி ஆங்கில எழுத்தாளர் ஈவ்லின் பீட்ரிஸ் ஹால் 1906இல் எழுதியது." சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். பிரெஞ்சுச் சிந்தனையாளர் வால்டேரின் மனப்போக்கை விளக்க ஹால் எழுதிய வரி, அவரே சொன்னதாகப் பரவிவிட்டது. (உரிமைக்காக உயிர் கொடுக்கும் மாமாதான், படிப்பு விஷயத்தில் அவளைப் பேசவே விடுவதில்லை போலிருக்கிறது.)

அடுத்த பக்கம் நியூட்டன். ராட்சதர்களின் தோளில் நின்றதால் தொலைவு பார்த்தேன் என்று சக விஞ்ஞானி ராபர்ட் ஹூக்குக்கு அவர் எழுதிய கடிதம். இந்த உவமை 12ஆம் நூற்றாண்டிலேயே உண்டு என்று குறித்துவிட்டு, "கடன்பட்டதைச் சொல்லவும் கடன் வாங்கிய வரி!" என்கிறாள். தேதிக்கு எதிரே "1675? 1676?" அன்றைய இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25. அதனால் அந்தப் பிப்ரவரிக் கடிதத்தில் இருப்பது 1675, நம் கணக்கில் 1676. அந்தக் கேள்விக்குறியைப் போடத் தெரிவதுதான் ஆவணக் காப்பாளரின் தொழில்.

பி.எட்., பத்திரிகை வழியெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்வது ஆவணக் காப்பாளர் வழி: இளங்கலையில் வரலாறு அல்லது மொழி, அப்புறம் முதுகலையில் நூலக-தகவல் அறிவியல், அதில் ஆவணக் காப்பகப் பிரிவு. பெட்டி பெட்டியாக வரும் கடிதங்களை யார், யாருக்கு, எப்போது என்று தாளையும் கையெழுத்தையும் பார்த்து முடிவுசெய்து பட்டியலிட வேண்டும். ஸ்கேன் செய்த ஒவ்வொரு பக்கத்துக்கும் விவரக்குறிப்பு எழுத வேண்டும். அது தப்பானால் கடிதம் பெட்டியிலேயே இருந்தாலும் தொலைந்த மாதிரிதான். ஒரு வரி முதலில் எங்கே அச்சானது என்று ஆய்வாளர் கேட்டால் பழைய இதழ்களைப் புரட்ட வேண்டும். டேட்டாபேஸ் பழக்கமும் இன்னொரு மொழியும் இருந்தால் நல்லது.

இடங்கள் குறைவு, ஆரம்பச் சம்பளமும் சாஃப்ட்வேர் அளவுக்கு வராது. மறைக்கவில்லை. ஆனால் அவளுக்கு ஒட்டாத கல்லூரி சீட்டுக்காகக் கடன் வாங்காதீர்கள். படிப்பைப் பாதியில் விட்டாலும் தவணை நிற்காது.

விண்ணப்பம் போடும் முன் அவளை என்னிடம் அனுப்புங்கள். நோட்டோடு வரட்டும். மாமா வேண்டாம்.